ஆறாம் அதிகாரம்: குடியை விட்டவர்களின் கூட்டத்தைத் தேடிச் சேரும் வழி

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில், கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு, விரத காலம் முழுவதும் சாராய வாடை வீசும் பக்கங்கூடத் திரும்பாமல், லயத்துப் பிள்ளைகளெல்லாம் 'சாமி' என்றழைக்கக் கௌரவமாக நடமாடி, மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழைய இடத்தில் பழைய சிநேகிதர்களோடு காணப்படும் மனிதரை அறியாத வாசகர் இருக்கமாட்டார். அவருக்கு வைராக்கியம் போதாது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது சரியானால், அத்தனை நாட்கள் அவர் தொடாமலிருந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது. உண்மையில் அந்நாட்களில் அவருக்கு ஒரு குருசாமி இருந்தார். தம்மைப் போலவே விரதம் பூண்ட நாலு பேர் இருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் மாலைப்பொழுதில், அதாவது குடிக்கத் தோன்றும் அதே வேளையில், போய் உட்கார ஒரு பஜனை மடம் இருந்தது. மாலையோடு இவை மூன்றும் சேர்ந்து கழன்று போயின என்பதே விஷயம்.

மாலை கழற்றும் நாளே இல்லாத அத்தகைய சகவாசம் ஒன்றை எங்கே தேடுவது, தேடிக் கண்டபின் அதில் எப்படிச் சேர்வது, கிடைக்காவிடில் எப்படி உண்டாக்குவது என்பதை, வெலிமடையையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்தில் வைத்து இவ்வதிகாரம் எடுத்துரைக்கும்.

கூட்டத்துக்கு முன் வைத்தியர்

தினந்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் உள்ளே போனபின்பே அந்நடுக்கம் அடங்கும் நிலையிலுள்ளவர், எந்தக் கூட்டத்தையும் தேடுவதற்கு முன் வைத்தியரைக் காணவேண்டும். அவ்விதப் பழக்கமுடையவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்துக்குள் வியர்வை, வாந்தி, உறக்கமின்மை, படபடப்பு ஆகியவை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரையில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் சன்னியும் காணலாம். இச்சன்னி உயிருக்கே ஆபத்தானது. 'சாமி வந்துவிட்டது', 'பேய் பிடித்துவிட்டது' என்று லயத்திலேயே வைத்து விபூதி பூசிக்கொண்டிருப்பதில் போகும் நேரம் திரும்பக் கிடைக்காது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

அவசரமில்லாத நிலையில் வெலிமடை ஆதார வைத்தியசாலைக்குச் சென்று, 'நான் தினமும் இவ்வளவு குடிக்கிறேன், நிறுத்த விரும்புகிறேன்' என்று கூச்சமின்றிக் கூறுவது போதும். அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரியிலும் உளநலப் பிரிவு உண்டு. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளையும், நெடுங்காலக் குடியினால் உடம்பு இழந்துவிடும் தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் சில நாட்களுக்கு வைத்தியர் கொடுப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேத்தண்ணீரிலோ கலந்து கொடுத்தால் குடியை வெறுக்கச் செய்யும் என்று விற்கப்படும் பொடிகளை வாங்கவேண்டாம். அத்தகைய பொடிகளில் கலந்திருக்கக்கூடிய டைசல்பிரம் என்ற மருந்தை உட்கொண்டிருப்பவர் அது தெரியாமல் குடித்துவிட்டால், முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் தாழ்ந்து, சில வேளை உயிருக்கே மோசம் நேரிடும். வைத்தியர் கொடுக்க, குடியை விட விரும்புபவர் தாமே அறிந்து உட்கொள்ளவேண்டிய மருந்து அது.

இக்கூட்டங்கள் தோன்றிய விதம்

மதுவிலக்குப் பிரயத்தனம் இலங்கைக்குப் புதிதன்று. 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தையொட்டித் தவறணைகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும், 1927-இல் காந்தியடிகள் இத்தீவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது ஆற்றிய உபதேசங்களும் சரித்திரத்தில் இடம் பெற்றவை. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் குடியாதவர்கள் குடிப்பவர்களுக்குச் சொன்ன வார்த்தைகள். குடித்துக் கெட்டவரே குடித்துக் கெட்டவருக்குத் துணையாகும் முறை வேறொன்று. அது அமெரிக்காவில் ஒரு ஹோட்டல் முன்றலில் தொடங்கியது.

1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தவர், ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தாம் மேற்கொண்ட வியாபார காரியம் தோற்றுப்போகவே, தங்கியிருந்த ஹோட்டலில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலையின் கலகலப்பு. மறுபக்கம் உள்ளூர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். தம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் மற்றொரு குடிநோயாளரோடு பேசியாகவேண்டும் என்று உணர்ந்து, அப்பட்டியலைப் பார்த்து ஒருவர்பின் ஒருவராக அழைத்து, கடைசியில் அவ்வூர் அறுவை வைத்தியரான பொப் சிமித் என்பவரைச் சந்தித்தார். அவ்வாண்டு ஜூன் 10-ஆந் திகதி வைத்தியர் பொப் கடைசியாகக் குடித்தார். அந்நாளையே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., என்னும் சகவாசத்தின் ஜன்ம தினமாகக் கொள்கின்றனர். அதன் பெயரையே தாங்கிய நூல் 1939-இல் வெளிவந்தது. பன்னிரண்டு படிகள் என்ற அதன் சாதனை முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அங்கத்தவராவதற்கு வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். சந்தா கிடையாது, மதபேதம் கிடையாது, அரசியலிலோ வேறெந்த வழக்கிலோ அது பக்கம் சாய்வதுமில்லை.

இம்முறை பலன் தரும் என்பது வெறும் நம்பிக்கையன்று. 2020-ஆம் ஆண்டில் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு ஸ்தாபனம், 10,565 பேர் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இக்கூட்டங்களிலும் அவற்றுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சையிலும் ஈடுபட்டவர்களுள் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டின் முடிவில் முற்றாக மதுவை நீக்கியிருந்தனர். வேறு உளச்சிகிச்சைகளைப் பெற்றவர்களுள் அவ்விதம் இருந்தோர் நூற்றுக்கு 35 பேர். வித்தியாசம் மலையளவன்று, ஆயினும் பணச்செலவில்லாத ஒரு சாதனம் தரும் பலன் என்ற வகையில் அது பெரிதே.

தமிழ் மக்களிடையே குடிநோய்ச் சிகிச்சைக்குச் சிறந்த உதாரணம் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் ஆரம்பித்த டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். குடியால் கணவரை இழந்த அவ்வம்மையார், ஆஸ்பத்திரிக்கு வர இயலாத ஏழைகளுக்காக, 1989 முதல் தஞ்சைப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். நோயாளரை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதும், ஊராரையும் குடும்பத்தாரையும் அதில் சேர்த்துக்கொண்டதும் அம்முகாம்களின் விசேஷம். வயலில் கூலி வேலை செய்பவர்களுக்கு மஞ்சக்குடியில் இயன்றது, மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்கும் கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் இயலாததன்று.

எங்கே விசாரிப்பது

விசாரணையை மூன்று வாயில்களில் தொடங்கலாம். முதலாவது ஆஸ்பத்திரியே. உளநலப் பிரிவின் வைத்தியரிடமோ தாதியிடமோ, 'டொக்டர் ஐயா, மருந்தோடு, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடமும் எனக்கு வேண்டும். தமிழில் நடப்பதாக இருந்தால் நல்லது' என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேளாதவருக்கு மருந்துச் சீட்டு மட்டுமே கிடைக்கும். அதே பிரிவுக்கு அதே காரணத்துக்காக வருகிற வேறு தோட்டத்தாரும் இருப்பார்கள் ஆகையால், அவர்கள் சம்மதித்தால் அறிமுகம் செய்துவைக்கும்படியும் வேண்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வாயில் தொலைபேசி. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1927 என்பது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். அழைத்ததும் தமிழில் பேசுபவரை இணைக்கும்படி முதல் வார்த்தையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர், 'நான் வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேசுகிறேன்; குடியை நிறுத்த விரும்புகிறேன்; பதுளை, பண்டாரவளை, நுவரெலியா ஆகிய இடங்களில் சுயஉதவிக் கூட்டமோ ஆலோசகரோ இருந்தால் சொல்லுங்கள்' என்று இடப்பெயர்களோடு கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கொழும்பில் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன, இலங்கை சுமித்ரயோ ஸ்தாபனம் நடத்தும் மெல் மெதுரவும் கொழும்பிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் வாரந்தோறும் பிரயாணம் செய்வது தோட்டத் தொழிலாளிக்கு ஆகாத காரியமானாலும், அங்குள்ளவர்கள் மலைநாட்டில் தமக்குத் தெரிந்தவரைச் சுட்டிக்காட்டக்கூடும் என்பதனால், ஒருமுறை தொடர்புகொள்வது வீண்போகாது.

மூன்றாவது வாயில் கையிலுள்ள செல்போன். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் இக்கூட்டங்கள் இணையவழிக்கு மாறின. அவற்றுள் பல இன்றும் தொடர்கின்றன. சென்னையிலும் தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் ஏ.ஏ. குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன. இவ்வழியை நாடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: லயத்துச் சுவர் மெல்லியது, ஒரு காம்பராவில் பேசுவது மறுகாம்பராவில் கேட்கும். ஆகவே காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, பேசவேண்டிய முறை வரும்போது வெளியே நடந்துபோய்ப் பேசுவது உசிதம்.

தெரிந்தெடுக்கும் விதம்

தவறாமல் போய்வர முடிகிற கூட்டமே நல்ல கூட்டம். வெலிமடைக்கு ரயில் இல்லை. பதுளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியும் பண்டாரவளை வீதியுமே பிரயாண மார்க்கங்கள். எனவே, கூட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பமாகிறது என்பதைவிட, எத்தனை மணிக்கு முடிகிறது, அதன்பின் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ் உண்டா என்பதையே முதலில் பாருங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் பட்டணத்தில் தனியே காத்திருக்கும் அரைமணி நேரந்தான், பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள வைன் ஸ்டோருக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இயலுமானால் போகவும் வரவும் ஒரு துணையோடு செல்லுங்கள்.

நாளையும் யோசித்தே தெரிந்தெடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத நாள்; அதனாலேயே குடிக்கும் நாளுமாகும். பத்தாந் திகதியை ஒட்டிவரும் சம்பள நாள், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாள், கோயில் தேர்த் திருவிழா, கலியாண வீடு, மரண வீடு ஆகியவை தோட்டத்தில் யாவரும் அறிந்த அபாய நாட்கள். போயா தினத்தில் அனுமதிபெற்ற கடைகள் மூடியிருக்கும். கசிப்புக்காரன் கதவு மூடியிருப்பதில்லை. இந்நாட்களில் எதிலாவது கூடும் குழு ஒன்று கிடைக்குமானால், தூரம் சற்றுக் கூடினாலும் அதையே மேலாகக் கொள்ளலாம்.

இரகசியத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். பெயரை வெளியிடாமை இச்சகவாசத்தின் அடிப்படை ஆசாரம். ஊர், தோட்டம், குடும்பப் பெயர் எதையும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் யார் குடிக்கிறார் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. அதை மறைக்க எவராலும் முடியாது. காக்கவேண்டியது அங்கே பேசப்பட்ட விஷயம்: மனைவியை அடித்தது, பிள்ளையின் உண்டியலை உடைத்தது, கடன் வாங்கிய பொய். 'இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டோம்' என்ற பிரதிக்ஞை உறுதியாகக் காக்கப்படும் குழுவா என்பதை இரண்டு மூன்று வாரங்களில் எவரும் அறிந்துகொள்ளலாம். காக்கப்படாவிடில் வேறு குழுவுக்கு மாறுவதில் குற்றமில்லை.

முதல் நாள் நடப்பது

பொதுவாக ஒரு கூட்டம் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். குடியை நிறுத்த விரும்புவோர் மாத்திரம் அமரும் மூடிய கூட்டம், எவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டம் என இருவகை உண்டு. மனைவியோ மகனோ கூடவர விரும்பினால் திறந்த கூட்டத்துக்கே போகவேண்டும். அங்கத்தவருள் ஒருவர் தலைமை வகித்து, ஒரு சிறு பகுதியை வாசித்துத் தொடங்குவார். பின்பு ஒருவர்பின் ஒருவராகத் தம் பெயரைக் கூறி, தாம் ஒரு குடிநோயாளர் என்று ஒப்புக்கொண்டு, குடித்த காலத்தையும் விட்ட விதத்தையும் பேசுவர். இடையில் எவரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி கூறுவதுமில்லை. உங்கள் முறை வந்தால், 'இன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று கூறிவிட்டால் போதும். முடிவில் ஒரு பிரார்த்தனை, இயன்றவர் இயன்றதைப் போட ஒரு சிறு உண்டியல், அதன்பின் சாயத்தண்ணீர். அந்தச் சாயத்தண்ணீர் நேரத்தில் உடனே கிளம்பிவிடாதீர்கள். தொலைபேசி இலக்கங்கள் கைமாறுவதும், உங்களைவிட மூத்த அனுபவமுடைய ஓர் அண்ணனோ அக்காவோ உங்களுக்கு வழித்துணையாக வாய்ப்பதும் அப்பொழுதுதான்.

கடவுளைப் பற்றிய பேச்சு வருமே என்று தயங்குவோர் சிலர். படிகளில் கூறப்படுவது அவரவர் விளங்கிக்கொண்ட வகையிலான கடவுளே. மாரியம்மனை வணங்குபவரும் மாதாவை வணங்குபவரும், பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் போகிறவரும், எதையும் வணங்காதவரும் ஒரே வாங்கில் அமரலாம். முதற்கூட்டம் பிடிக்கவில்லையென்றால் அதைக்கொண்டு தீர்ப்பளிக்காமல், சில வாரங்களாவது தொடர்ந்து போய்ப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கூட்டம் இல்லாத இடத்தில்

மடுல்சீமை, பூனாகலை போன்ற உட்புறத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு, எவ்வளவு விசாரித்தாலும் எட்டும் தூரத்தில் ஒரு கூட்டம் அகப்படாமற் போகலாம். அவ்விடத்து வழி, தாமே ஒன்றைத் தொடங்குவது. ஆக்ரனில் இருவரே இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க. மரண உதவிச் சங்கமும், சீட்டும், கோயில் கமிட்டியும் கணக்குத் தவறாமல் நடத்தத் தெரிந்த நம்மவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுவது புதுவித்தை ஆகாது.

இடம் பொதுவானதாக இருக்கட்டும்: வாசிகசாலை, பாடசாலை வகுப்பறை, பின்னேரத்தில் பூட்டிக்கிடக்கும் பிள்ளைக் காம்பரா, கோயில் மண்டபம், தேவாலயத்துப் பக்க அறை. ஒருவருடைய லயக் காம்பரா உதவாது. தொழிற்சங்கக் காரியாலயமும் உதவாது. ஒரு சங்கத்தின் அறையில் கூடினால் மற்றச் சங்கத்தார் வரமாட்டார்கள். தோட்டத் தலைவரும் நலன்புரி உத்தியோகத்தரும் திறப்பைத் தந்து உதவினால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். ஆயின் துரைக்கு அறிக்கை போகும் என்ற சந்தேகம் எழாதிருக்க, குடிப்பழக்கமில்லாத உத்தியோகத்தர் எவரும் உள்ளே அமராதிருப்பதே நலம். குறித்த நேரத்தில் தொடங்கவேண்டும், குறித்த நேரத்தில் முடிக்கவேண்டும். குடித்துவிட்டு வந்தவர் இருந்து கேட்கலாம், பேசக்கூடாது. அங்கத்தவருக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது. கட்சியும் சங்கமும் பேசக்கூடாது. இந்நான்கு விதிகளும் ஆரம்பத்துக்குப் போதும். ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு இவ்விதம் ஒரு குழு கூடுகிறதென்று அறிவித்துவைத்தால், புதியவர்களை அவர்கள் அனுப்பவும், நோய் முற்றியவர்களை நீங்கள் அனுப்பவும் வசதியாகும்.

பெண்களும் குடும்பத்தாரும்

குடிக்கும் பெண்கள் தோட்டங்களில் இல்லையென்று பாசாங்கு செய்வதனால் அவர்களே அதிகம் நஷ்டமடைகின்றனர். ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் வாய்திறப்பது அரிது. ஆகவே பெண்களுக்கெனத் தனியே, கொழுந்து நிறுத்து முடிந்து அடுப்படி வேலை தொடங்குமுன் ஒரு வேளையை ஒதுக்கவேண்டும். கணவரோ பிள்ளையோ குடிப்பதனால் வருந்தும் மனைவிமாருக்கும் பெற்றோருக்கும், பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் நிறுவிய அல்-அனொன் என்ற தனிச் சகவாசம் உண்டு. குடிப்பவர் விட்டாலும் விடாவிட்டாலும் தம் வாழ்வை எப்படி நிமிர்த்திக்கொள்வது என்பதே அதன் நோக்கம். அடி உதை நடக்கும் வீட்டில் கூட்டத்துக்காகக் காத்திருக்கலாகாது: பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிசுக்கு 119.

வழுக்கினால்

கூட்டத்துக்குப் போய்வரும் காலத்திலேயே ஒருநாள் குடித்துவிட நேரலாம். அதனால் முன் விட்டிருந்த நாட்கள் பொய்யாகிவிடுவதில்லை. வெட்கத்தினால் ஒரு வாரம் ஒளிந்துகொள்வதே ஒரு நாளைய வழுக்கலைப் பழைய வாழ்க்கையாக்கிவிடும். மறுநாளே உங்கள் வழித்துணையாக வாய்த்தவரை அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய் அதையே பேசுங்கள். குடி மீண்டும் தினசரிப் பழக்கமாகி நடுக்கமும் திரும்பியிருந்தால், முதலிற் சொன்னபடி வைத்தியரிடம் செல்லுங்கள்.

இவ்வதிகாரத்தை வாசித்து முடித்தவர் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 1926, 1927, 1990 ஆகிய மூன்று இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றின் கீழ், நீங்கள் நம்பிப் பேசக்கூடிய ஒருவருடைய பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். அடுத்த சம்பள நாள் வருமுன் அவற்றுள் ஒன்றையாவது அழைத்துவிடுங்கள்.